நிலவறையைத் திறந்துவிட்ட தேவாலயம்

1870 செப்டம்பரில் இத்தாலியப் படை போர்த்தா பியா வாயிலருகே மதிலை உடைத்து ரோம் நகருக்குள் நுழைந்தது. அதுவரை போப்பின் ஆட்சியில் இருந்த அந்த நகரில் புராட்டஸ்டன்ட் ஆலயம் எழுப்ப அனுமதி கிடையாது. ஆங்கிலேயர்கள்கூட மதிலுக்கு வெளியே கூடித்தான் ஆராதனை நடத்தினார்கள். ஆட்சி மாறிய கையோடு, ரோமில் வசித்த அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையார் வியா நாசியோனாலே சாலையில் இடம் வாங்கி, 'மதிலுக்குள் புனித பவுல்' என்ற ஆலயத்தைக் கட்டினார்கள். நகர மதிலுக்குள் எழுந்த முதல் புராட்டஸ்டன்ட் தேவாலயம் அது.

எபிஸ்கோப்பல் திருச்சபை நமக்கு அந்நியமல்ல. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிறகு இங்கிலாந்துச் சபையிலிருந்து பிரிந்து 1789இல் தனக்கென்று சட்டதிட்டம் வகுத்துக்கொண்ட ஆங்கிலிக்கன் சபை அது. 1947இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபையும் அதே உலகக் குடும்பத்தில் இருக்கிறது.

ரோம் ஆலயத்தைக் கட்டியவர்கள் ஏழைகள் அல்லர். வடிவமைத்தவர் ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். பீடத்துக்கு மேலே பொன்னாய் மின்னும் மொசைக் ஓவியங்களுக்கு வரைவு தந்தவர் ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ். அங்குள்ள புனிதர்களில் சிலருக்கு ஆபிரகாம் லிங்கன், கரிபால்டி போன்றோரின் முகங்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் தங்கிய அமெரிக்கச் செல்வந்தர்களுக்குத் தங்கள் மொழியில், தங்கள் முறைப்படி ஒரு ஞாயிறு ஆராதனை தேவைப்பட்டது. பாரிஸிலும் ஃபுளோரன்ஸிலும் ஜெனிவாவிலும் அப்படியே ஆலயங்கள் எழுந்தன. ஜெனிவா ஆலயத்துக்கு 1877இல் அடிக்கல் நாட்டியவர் முன்னாள் அமெரிக்க அதிபர் யுலிசிஸ் கிராண்ட்.

ஊர்விட்டு ஊர் போனவர்கள் தங்களுக்காக ஒரு கூரை கட்டிக்கொள்வது உலகம் முழுக்க நடப்பதுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து ஊர்விட்டு வந்தவன் வேறு நிறத்தில், வேறு மொழியோடு, கையில் பணமில்லாமல் வாசலில் நிற்கும்போது அந்தக் கூரை என்ன செய்கிறது என்பதே கேள்வி.

ரோம் ஆலயம் 1980களில் தன் நிலவறையைத் திறந்துவிட்டது. அங்கே இயங்கும் பகல்நேர அகதிகள் மையத்துக்கு ஜோயல் நஃபூமாவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அவரே உகாண்டாவிலிருந்து அகதியாக வந்து அந்த மையத்தை நடத்தியவர். தெர்மினி ரயில் நிலையம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். இரவை நிலையத்தைச் சுற்றிக் கழித்தவர்களும், அரசு முகாமிலிருந்து காலையிலேயே வெளியே வர வேண்டியவர்களும் பக்கத்துச் சந்து வழியாக இறங்கி வருகிறார்கள். காலை உணவு, மாற்றுத்துணி, சோப்பு, இத்தாலிய மொழி வகுப்பு, வேலைக்கு விண்ணப்பிக்க உதவி, சட்ட ஆலோசனை என்று அங்கே கிடைப்பதெல்லாம் அன்றாடத்துக்குத் தேவையானவை. ஆப்கானிஸ்தானிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் அங்கே அதிகம்.

இவர்கள் ஏன் ரோமில் தேங்குகிறார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, பெரும்பாலும் ஓர் அகதி முதலில் எந்த நாட்டுக்குள் நுழைந்தாரோ அந்த நாடுதான் அவரது விண்ணப்பத்தை விசாரிக்க வேண்டும். மத்தியதரைக் கடலைத் தாண்டிப் படகில் வருபவர்களில் பலர் முதலில் கால் வைப்பது இத்தாலியில். கைரேகை அங்கே பதிவாகிவிடும். ஜெர்மனியில் அண்ணன் இருந்தாலும் விண்ணப்பம் இத்தாலியில்தான் கிடக்கும். காத்திருப்பு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நீளும். அந்த வெற்றுப் பகல்களை மனிதர் வாழத்தக்க பகல்களாக மாற்றுவதுதான் அந்த மையத்தின் வேலை. இதைச் சிறிய வேலை என்று நினைப்பவர்கள், போக இடமில்லாமல் ஒரு நகரத்தில் ஒரு பகலைக் கழித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஞானஸ்நானம் பெறச் சொல்லி யாரும் கேட்பதில்லை. இதுதான் அந்த மையத்தின் மிகப் பெரிய சிறப்பு. சோற்றுக்கு விலையாக நம்பிக்கையைக் கேட்கும் உதவி, உதவி என்ற பெயருக்கே தகுதியற்றது.

ஆனால் நிலவறையில் காலை உணவு கொடுப்பதோடு ஒரு சபை எல்லாரையும் சேர்த்துக்கொண்டதாகிவிடாது. மேலே, பீடத்தின் முன்னால் யார் நிற்கிறார்கள் என்பதும் முக்கியம். அந்த ஆலயத்தில் ஆங்கில ஆராதனையோடு லத்தீன் அமெரிக்கர்களுக்கு ஸ்பானிய மொழி ஆராதனையும் உண்டு. எபிஸ்கோப்பல் சபைகளில் பணத்தையும் கட்டடத்தையும் நிர்வகிக்கும் குழுவைச் சபையாரே தேர்ந்தெடுக்கிறார்கள். புதிதாக வந்தவர் பாடல் புத்தகத்தைக் கையில் வாங்கினால் அவர் விருந்தாளி. அந்தக் குழுவில் உட்கார்ந்து வரவு செலவைக் கேள்வி கேட்டால்தான் வீட்டுக்காரர்.

இப்படிக் கதவைத் திறப்பதற்கு விலையும் உண்டு. பெண்களைக் குருவாக்க 1976இல் முடிவெடுத்தபோதும், தன்பாலின உறவில் வாழ்ந்த ஜீன் ராபின்சனை 2003இல் பேராயராக்கியபோதும் எபிஸ்கோப்பல் திருச்சபையிலிருந்து பலர் வெளியேறினார்கள். 2025 மே மாதம் இன்னொரு விலை கொடுக்க நேர்ந்தது. மற்ற நாட்டு அகதிகளுக்குக் கதவடைத்துவிட்ட அமெரிக்க அரசு, வெள்ளையின தென்னாப்பிரிக்கர்களைக் குடியமர்த்த உதவுமாறு கேட்டது. தலைமைப் பேராயர் ஷான் ரோ மறுத்தார். அகதிகளைக் குடியமர்த்த அரசோடு ஏறத்தாழ 40 ஆண்டுகளாக இருந்த ஒப்பந்தத்தைத் திருச்சபை முடித்துக்கொண்டது. உதவி கேட்டு வந்தவர்களை நிறம் பார்த்து ஒதுக்கியதாக எதிர்ப்பு எழுந்தது. வரிசையில் பல ஆண்டுகளாகக் காத்திருந்தவர்களை நிறுத்திவிட்டு ஒரு கூட்டத்தை மட்டும் முன்னே அழைத்தது அரசுதான் என்பதால், திருச்சபையின் முடிவே நியாயமானது.

தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ்ச் சேகரங்களுக்கு இதில் நேரடியாக ஒரு செய்தி இருக்கிறது. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலும் சென்னைக் கட்டடப் பணிகளிலும் ஒடிசா, ஜார்கண்ட், பிகார் தொழிலாளர்கள் உழைக்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். நம் ஆலய வளாகங்களில் உள்ள கூடங்கள் வார நாட்களில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. அவற்றைத் திறந்து தமிழ் கற்றுக்கொடுங்கள். கூலி பாக்கிக்கு மனு எழுத உதவுங்கள். ஞாயிறு மாலையில் இந்தியிலோ ஒடியாவிலோ ஓர் ஆராதனைக்கு இடம் கொடுங்கள். அடுத்த சேகரக் கமிட்டித் தேர்தலில் அவர்களில் ஒருவரை நிறுத்தி, வாக்களித்து ஜெயிக்க வையுங்கள்.