"ஓடிப்போயிருக்கும்... தானா வந்துடும்!"

"குழந்தை காணாமல் போனால் போலீஸ்காரர்களுக்கு என்ன செய்யணும்னு தெரியும். அனுபவம் உள்ளவர்கள், நம்பி விட்டுவிட வேண்டியதுதான்." நேற்று கேன்டீனில் ஒரு நண்பன் சொன்னது. டீ ஆறிப்போகும்வரை சண்டை போட்டும் முடியாததால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

நிதாரி ஞாபகம் இருக்கிறதா? தில்லிக்குப் பக்கத்தில், நொய்டாவின் 31-வது செக்டாரை ஒட்டிய கிராமம். 2005, 2006-ல் அங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகள் காணாமல் போனார்கள். பெற்றோர்கள் பெரும்பாலும் பிழைக்க வந்த கூலிக்காரர்கள், வீட்டுவேலை செய்பவர்கள். ஸ்டேஷனுக்குப் போன பலருக்குக் கிடைத்த பதில், 'எங்கேயாவது ஓடிப்போயிருக்கும்' என்பதுதான். 2006 டிசம்பர் கடைசியில் ஒரு வீட்டின் பின்புறச் சாக்கடையில் மண்டை ஓடுகள் கிடைத்தன. அதன் பிறகுதான் சஸ்பெண்ட், டிஸ்மிஸ் எல்லாம்.

அதே நொய்டாவில் 2006 நவம்பரில் ஒரு மென்பொருள் நிறுவனத் தலைவரின் மூன்று வயது மகன் கடத்தப்பட்டான். போலீஸ் ராப்பகலாகத் தேடியது. ஒரு வாரத்துக்குள் பையன் வீடு திரும்பினான். ரொம்ப சந்தோஷம். ஆனால் ஊர் ஒன்று, போலீஸ் ஒன்று. மாறியது அனுபவமா, அப்பாவின் விசிட்டிங் கார்டா?

'பெரும்பாலான குழந்தைகள் திரும்பி வந்துவிடுகிறார்களே' என்பான் நண்பன். சரி. வந்துவிட்ட குழந்தைக்காக எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் நஷ்டம் நாலு தாள். வராத குழந்தைக்குப் போடாமல் விட்டால்? அந்த முடிவை ஒரு தனி ஏட்டய்யாவின் ஊகத்திடம் விடக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2013 மே மாதம் இதைத்தான் சொன்னது: காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாருக்கும் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், வேறுவிதமாகத் தெரியவரும்வரை கடத்தல் என்றே கருதி விசாரிக்க வேண்டும். '24 மணி நேரம் கழித்து வாங்க' என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 'எங்க லிமிட் இல்லை' என்பதும் செல்லாது, எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம்.

அதற்காக நாமே துப்பறியக் கிளம்பலாமா? கூடவே கூடாது. 2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அந்த அம்மா செய்த தப்பு. எங்கே தேடுவது, யாரை விசாரிப்பது என்பதெல்லாம் போலீஸ் வேலைதான். தேடுவதா வேண்டாமா என்பது மட்டும் அவர்கள் இஷ்டம் இல்லை.

நிதாரியின் முடிவு தெரியுமா? தூக்குத்தண்டனை பெற்றவர்களை 2023-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் விசாரணையைக் கடுமையாகச் சாடி விடுவித்தது. மிச்சமிருந்த கடைசி வழக்கிலும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலை கொடுத்துவிட்டது. அப்படியானால் கொன்றது யார்? அந்தப் பெற்றோருக்கு இன்றுவரை பதில் இல்லை. முதல் நாளே தேடியிருந்தால், தடயமாவது மிஞ்சியிருக்கும். சில குழந்தைகளே கூட மிஞ்சியிருக்கலாம்.

எனவே நண்பா, நம்பிக்கை வை, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 1098-க்கும் 112-க்கும் போன் போடு, எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்கு. அதற்கப்புறம் நம்பு.