தங்கவயலில் தீராத தோல் அரிப்பு: தூசியா, பூஞ்சையா என அறியாமலே பூசப்படும் களிம்புகள்

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் தோல் அரிப்பு என்றதும் குடியிருப்புவாசிகள் முதலில் சுட்டிக்காட்டுவது, சுரங்கக் கழிவு மண் மேடுகளிலிருந்து காற்றில் எழும் தூசியைத்தான். ஆனால், கடந்த பத்தாண்டுகளில் நாடெங்கும் எளிதில் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக மாறியுள்ள படர்தாமரையும் அதே அரிப்புடன்தான் தொடங்குகிறது. இவ்விரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. ஒன்றைத் தணிக்கும் களிம்பு, மற்றொன்றை வளர்த்துவிடும். எது எந்த நோய் எனக் கண்டறியும் எளிய பரிசோதனை மக்களுக்கு அருகில் கிடைப்பதே இங்கு முதன்மையான தேவையாகும்.

மண்மேடுகளும் லைன் வீடுகளும்

தங்கத்தைப் பிரித்தெடுக்கச் சயனைடு பயன்படுத்தப்பட்டதால், எஞ்சிய மண் குவியல்கள் 'சயனைடு மேடுகள்' என்றே அழைக்கப்படுகின்றன. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பின்னரும் அவை அப்படியே உள்ளன. காற்று வலுக்கும் மாதங்களில் அவற்றின் தூசி வீடுகளுக்குள் படிகிறது. இத்தகைய தூசி தோலை உறுத்தி ஒவ்வாமைத் தடிப்புகளை உண்டாக்கக்கூடும்.

படர்தாமரை பரவும் வழி வேறு. தோலின் மேலடுக்கில் வாழும் பூஞ்சை, வியர்வையால் நனையும் தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள் ஆகிய பகுதிகளில் வேரூன்றுகிறது. துண்டு, படுக்கை, உள்ளாடை ஆகியவற்றைப் பகிர்வதால் ஒருவரிடமிருந்து குடும்பத்தினர் அனைவருக்கும் பரவுகிறது. சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட நெருக்கமான லைன் வீடுகள், வற்றாத நதி ஏதுமில்லாத கோலார் மாவட்டத்தின் தண்ணீர்ப் பற்றாக்குறை, மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு நெரிசலான ரயில்களில் நாள்தோறும் சென்று திரும்பும் வேலை வாழ்க்கை ஆகிய அனைத்தும் இப்பரவலுக்குச் சாதகமானவை. சுற்றுவட்டாரத் தக்காளித் தோட்டங்களில் ஈர உடையுடன் நாள் முழுதும் உழைப்போரின் நிலையும் இதுவே.

தணிவதுபோல் தோன்றும் நோய்

மருந்துக்கடைகளில் விற்கப்படும் பல களிம்புகளில் பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக் கொல்லி, வீரியமிக்க ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் கலந்துள்ளன. ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பு வினையை அடக்குவதால் இரண்டொரு நாளில் அரிப்பும் சிவப்பும் மறைகின்றன. நோய் தீர்ந்ததாகக் கருதிப் பூசுவதை நிறுத்தினால், தடையின்றி வளர்ந்த பூஞ்சை முன்னிலும் அகலமாகத் திரும்புகிறது. மீண்டும் அதே களிம்பு வாங்கப்படுகிறது. நாளடைவில் தோல் மெலிந்து, நிலையான வரித்தழும்புகள் உண்டாகின்றன.

தூசி ஒவ்வாமைக்கு மருத்துவர் குறித்த அளவில் தரும் ஸ்டீராய்டு பயனளிக்கக்கூடியது என்பதே இங்குள்ள சிக்கல். அண்டை வீட்டாருக்குக் குணமளித்த களிம்பு, பூஞ்சை உள்ளவருக்குக் கேடாக முடிகிறது.

இதற்கிடையே பூஞ்சையும் மாறியுள்ளது. இந்தியாவில் பரவலாகக் காணப்படும் 'ட்ரைக்கோஃபைட்டான் இன்டோடினியே' என்ற இனத்துக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெயரிட்டனர். அதன் மரபணு மாற்றங்களால், முதன்மை மருந்தான டெர்பினஃபைன் பல நோயாளிகளிடம் பலனளிப்பதில்லை. சில வாரங்களில் முடிந்த சிகிச்சை, இட்ராகொனசோல் மாத்திரையுடன் மாதக்கணக்கில் நீள்கிறது. 2023 மே மாதம் நியூயார்க்கில் இருவருக்கு இத்தொற்று உறுதியானதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அவர்களில் ஒருவர் அண்மைக் காலத்தில் வெளிநாடு சென்றிருக்கவில்லை. ஆயினும், 2022-இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட 19 முன்னுரிமைப் பூஞ்சைகளின் பட்டியலில் படர்தாமரைக் கிருமிகள் இடம்பெறவில்லை. உயிரைப் பறிக்காத நோய்க்குக் கவனமும் குறைவு.

விதியும் நடைமுறையும்

14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018 மார்ச்சில் அறிவித்தது. எனினும் சீட்டில்லா விற்பனை ஓயவில்லை எனத் தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்து வருகின்றனர். நோயாளியின் கணக்கும் புரியாததல்ல. தோல் மருத்துவரை நாடிச் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாருக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். களிம்போ தெருமுனையில் கிடைக்கிறது. சுரங்க நிறுவனம் நடத்திய மருத்துவமனை இயங்கிய காலத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்த அலைச்சல் இருக்கவில்லை.

செய்யக்கூடியவை

தோலைச் சிறிது சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை உண்டா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். செலவு மிகக் குறைந்த இச்சோதனையை ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வாரத்தில் ஒரு நாளேனும் நடத்துவது இயலாததல்ல. தொற்று உறுதியானால் குடும்பத்தினர் அனைவரையும் ஒருசேரப் பரிசோதித்துச் சிகிச்சையளிப்பதும், மருந்துக்கடைகளில் 2018 அறிவிப்பைக் கண்டிப்புடன் அமல்படுத்துவதும் அவசியம்.

இதற்குக் காலக்கெடுவும் உண்டு. 13 மண்மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் முன்மொழிவுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. மேடுகள் கிளறப்பட்டால் தூசி பற்றிய புகார்கள் பெருகவே செய்யும். அதற்கு முன்பே மக்களின் தோல் நோய்களைப் பரிசோதித்துப் பதிவு செய்யாவிட்டால், எந்தப் பாதிப்பு தூசியால் வந்தது, எது பூஞ்சையால் வந்தது என்று பின்னர் பிரித்தறிவது கடினம். இழப்பீடு கோரும் நிலை வந்தாலும், அந்தப் பதிவேடே தங்கவயல் மக்களுக்குச் சான்றாக அமையும்.