மணியடிப்பவர் யார்?

நெய்வேலியில் வளரும் நமக்குச் சுரங்கம் புதிதன்று. வெளியூர் உறவினர் வந்தால், மண்ணை வாரும் இராட்சதச் சக்கரங்களைக் காட்டி வியக்க வைக்கிறோம். ஆனால், பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைக்கும் பம்புகளை யாருக்கும் காட்டுவதில்லை. அவை நின்றுவிட்டால் நீர் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு மேலே வரும். பிறகு சக்கரங்களுக்கு ஏது வேலை?

கணிப்பொறிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பம்பு ஒன்று உண்டு. அதுவே இயக்க அமைப்பு. பதினோராம் வகுப்பில் அதன் வரையறையை மனப்பாடம் செய்கிறோம், மதிப்பெண் வாங்குகிறோம், மறந்தும் விடுகிறோம். இது போதாது என்பதே நம் எண்ணம்.

'ரவுண்ட் ராபின்' என்று ஒரு முறையைப் படிக்கிறோமல்லவா? நம் பள்ளி மணியை நினைத்தால் அது எளிதில் விளங்கும். கணக்கு டீச்சர் பாதிக் கணக்கில் இருந்தாலும் மணி அடித்தால் நிறுத்தியே ஆகவேண்டும். விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு அவர் வெளியேற, தமிழம்மா நுழைவார். கணிப்பொறியிலும் ஒரு கடிகாரம் வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை மணியடிக்க வல்லது. மணி அடித்ததும் கட்டுப்பாடு கெர்னலின் கைக்கு வருகிறது. அது ஓடிய நிரல் நின்ற இடத்தைக் குறித்து வைத்து, அடுத்ததற்கு முறை கொடுக்கிறது. பாட்டுக் கேட்டுக்கொண்டே கடிதம் தட்டுகிற நமக்கோ இரண்டும் ஒருசேர நடப்பதாக நினைப்பு! மணி இல்லாவிட்டால், பிடிவாதமான ஒரு நிரல் இடத்தை விட்டு நகராது. மற்றவை வராந்தாவில் காத்திருக்க வேண்டியதுதான். 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ஏறக்குறைய இதுதான் நடந்தது.

2011-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், விண்டோஸோடு சிடாக் நிறுவனத்தின் 'பாஸ்' லினக்ஸும் வந்தது. நமக்குத் தெரிந்த அக்காமார் பலர் அதைத் திறந்ததே இல்லை. இடத்தை அடைக்கிறதென்று அழித்தவர்களும் உண்டு. என்ன இழப்பு! லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை யாரும் படிக்கலாம். 1991-இல் அதைத் தொடங்கிய பின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது பல்கலைக்கழக மாணவர். அவர் பழகியது, பேராசிரியர் டானன்பாம் 1987-இல் மாணவர்களுக்கென்றே வெளியிட்ட 'மினிக்ஸ்'.

"பெண் பிள்ளைகளுக்குத் தட்டச்சும் எக்செலும் போதுமே" என்பார் சிலர். சக்கரத்தை ஓட்டினால் போதும், பம்பு எதற்கு என்பது போன்றதே அது.

நாம் கேட்பது வாரம் ஒரு லேப் பீரியட். டெர்மினலில் 'டாப்' என்று தட்டி, நாம் சும்மா இருக்கும்போதும் உள்ளே எத்தனை நிரல்கள் இருக்கின்றன என்று பார்க்கவேண்டும். ஆய்வக மூலையில் உறையிட்ட பழைய கணிப்பொறி ஒன்று கிடக்கிறது, அதுவே போதும். கெடுத்துவிடுவோம் என்ற பயம் வேண்டா. கெட்டால், லினக்ஸை மறுபடி நாமே நிறுவித் தருகிறோம்.