இருதய வலிமையும் விளையாட்டு மைதானமும்

அமர்ந்திருப்பவன் நாடியைப் பிடித்துப் பார்த்தே அவன் இருதயத்தின் வலிமையைத் தீர்மானித்துவிடலாமென எண்ணுவார் பலர். யாம் அதற்கு உடன்படுவதற்கில்லை. ஓய்ந்திருக்குங்கால், பயிற்சி பெற்றவன் இருதயமும் பெறாதவன் இருதயமும் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தையே செலுத்துகின்றன. ஒன்று 70 முறை துடித்துச் செய்யும் வேலையை மற்றொன்று 50 முறை துடித்துச் செய்துவிடும், வேற்றுமை அவ்வளவே. உழைப்பு உச்சமடையும்பொழுதுதான் உண்மை புலப்படும். அப்பொழுது பயிலாதவன் இருதயம் 20 லிட்டர் அளவில் நின்றுவிட, நெடுந்தூரம் ஓடிப் பழகியவன் இருதயம் 30 லிட்டருக்கும் மேற்செல்லும். வியப்பென்னவெனில், ஒத்த வயதினராயின் அவ்வுச்சத்தில் இருவர்க்கும் துடிப்பின் எண்ணிக்கை பெரிதும் வேறுபடுவதில்லை. பயிற்சியாற் பெருகுவது ஒவ்வொரு துடிப்பிலும் வெளிப்படும் இரத்தத்தின் அளவாம்.

அவ்வளவை அறிய 1870-இல் அடோல்ஃப் ஃபிக் என்னும் ஜெர்மானியர் ஒரு வழி கூறினார். உடல் கொள்ளும் பிராணவாயுவை, இருதயத்தினின்று செல்லும் இரத்தத்திற்கும் அதற்கு மீளும் இரத்தத்திற்கும் உள்ள பிராணவாயு வேற்றுமையால் வகுத்தல் வேண்டுமென்பது அது. ஆயின், அதற்கு இரத்தக்குழாயினுள் குழல் செலுத்தல் வேண்டும். கல்லூரி மைதானத்திற்கு அஃது ஒவ்வாது.

1943-இல் அமெரிக்காவின் ஹார்வர்டிலிருந்து வெளிவந்த முறை மிக எளிது. 20 அங்குல உயரமுள்ள பலகைமீது, நிமிஷத்திற்கு 30 முறை வீதம் 5 நிமிஷம்வரை ஏறியிறங்கி, பின் அமர்ந்து, நாடி எத்துணை விரைவிற் தணிகின்றதென மும்முறை எண்ணுதலே அது. பலகையொன்றும் கடிகாரமொன்றும் போதும். குறையில்லாமலுமில்லை. குறுகிய காலினர்க்கு அப்பலகை பெருந்துன்பம். மகளிர்க்கும் தாழ்ந்த பலகையே தக்கது. 1971 முதல் பரவிய மற்றொரு கணக்கு, 220-இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கூறும். அதுவும் தனியொருவர்க்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு எளிதிற் பிழைபடும். ஆதலின், இவற்றைக்கொண்டு ஒரு மாணவனை மற்றொருவனோடு ஒப்பிட்டு, மைதானத்திற்கு ஆகாதவனெனத் தள்ளுதல் முறையன்று. ஆண்டின் தொடக்கத்தில் அவனிருந்த நிலையோடு முடிவில் அவனடைந்த நிலையை ஒப்பிடுதற்கே இவ்வளவைகள் பயன்படுவன.

பிறவியின் பங்கை யாம் மறுக்கவில்லை. எனினும், 1966-இல் டல்லாஸ் நகரில் நிகழ்ந்த சோதனையைக் காண்க. இருபது வயதினர் ஐவர் 20 நாள் படுக்கையிற் கிடத்தப்பட்டனர். அவர்தம் இருதயம் உச்ச உழைப்பிற் செலுத்தும் இரத்தம் நான்கிலொரு பங்களவு குறைந்தது. பின்னர் ஏறக்குறைய எட்டு வாரம் பயின்றபோது, முன்பு பயிற்சியே இல்லாதிருந்த மூவர் தம் பழைய நிலையையுங் கடந்தனர். 30 ஆண்டு கழித்து அவ்வைவரையே மீண்டும் சோதித்தபோது, பிராணவாயுவைக் கொள்ளும் ஆற்றலுக்கு அம்முப்பதாண்டு மூப்பு விளைத்த கேட்டினும் அவ்விருபது நாட் படுக்கை விளைத்த கேடே பெரிதெனக் கண்டனர்.

இங்ஙனமாக, மாலைதோறும் மைதானம் பதினொருவர்க்கே உரியதாக, ஏனையோர் வேலியோரம் நின்று கைதட்டுதல் எந்த நியாயத்தின்பாற்படும்? வாரத்தில் இரண்டு மாலையேனும் எவ்வணியிலும் சேராதார்க்கு விடப்படுதல் வேண்டும் என்பது எம் கருத்து. மார்புவலியோ மயக்கமோ உடையார் மட்டும் முன்னரே மருத்துவரைக் கண்டு வருவாராக. முதற் சோதனையை ஜூன் மாதத்திலேயே நடத்தி, ஒவ்வொருவர் கணக்கையும் தனித்தனியே குறித்து வைத்தல் நலம்.