திறப்பைத் திருப்பியதும் கேட்கிற சத்தம்

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை. பாரிஸின் லாச்சப்பலில் மரக்கறி, மீன், அரிசி மூட்டை எல்லாம் வாங்கிக் காரில் ஏற்றியாயிற்று. திறப்பைத் திருப்பினால் எஞ்சின் முனகுகிறது. மூன்றாம் தடவைதான் ஓடத் தொடங்குகிறது. "பற்றரி போட்டுது, மாத்துங்கோ" என்கிறார் பக்கத்தில் நிற்பவர். அடுத்த கிழமை புதுப் பற்றரி வருகிறது. அடுத்த மாதம் அதே முனகல்.

அளந்து பார்க்காமல் சாமான் மாற்றும் இந்தப் பழக்கம், உழைத்துச் சேர்த்த காசை வீணாக்குகிறது.

லாச்சப்பல் தெருவில் நடமாடும் ஐம்பது, அறுபது வயது ஈழத்தமிழருக்கு எஞ்சினின் குறை கண்டுபிடிப்பது புதுப் பாடமல்ல. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் நின்றது. பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தது. ஏ-40, மொரிஸ் மைனர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. ஆவியாகாததைத் தீப்பொறி பற்றவைக்காது. அதனால் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளியை உள்ளே விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எது குறைகிறதென்று கண்டு, அதை மட்டும் கொடுத்த கெட்டித்தனம் அது. அப்படிப்பட்டவர்கள் இங்கே பிரெஞ்சுச் சொற்கள் வாயில் வராததால் ஊகத்துக்குக் காசு கட்டுவது வேதனையானது.

முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எஞ்சின் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றினால், பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை: பற்றரி, அதன் முனைகள், கேபிள்கள், ஸ்ராட்டர் ஆகியவற்றில்தான் பிழையைத் தேட வேண்டும். வழக்கமான வேகத்தில் சுற்றியும் பற்றிக்கொள்ள நேரமெடுத்தால் பற்றரியில் பழி போடக்கூடாது. எரிபொருளோ தீப்பொறியோ ஒரு சென்சரோ காரணமாக இருக்கலாம். டீசலென்றால், எஞ்சினை முன்கூட்டிச் சூடாக்கும் பூஜிகளையும் பார்க்க வேண்டும். 2008இல் பிரான்சில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏழுக்கும் மேல் டீசல் என்பதால், பழைய கார் வைத்திருப்போர் இதை மறக்கக்கூடாது.

அடுத்தது அளவு. சாதாரண மல்ற்றிமீற்றர் ஒன்று போதும். இரவு முழுக்க நின்ற காரின் பற்றரி 12.6 வோல்ற்றுக்குப் பக்கத்தில் காட்டினால் நிறைந்திருக்கிறது; 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். நிறைந்த பற்றரி, ஸ்ராட் பண்ணும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் அது தளர்ந்துவிட்டது, அல்லது ஸ்ராட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. விழாமல் நின்றும் எஞ்சின் முனகினால் கேபிளையும் ஸ்ராட்டரையும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். தொடர்ந்து குறைந்தால் அல்ரனேற்றரில் சந்தேகம். முனைகளில் வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால், முதலில் மறைமுனையைக் கழற்றி, பிறகு நேர்முனையைக் கழற்றி, வெந்நீரில் கரைத்த அப்பச்சோடாவால் கழுவலாம். லாச்சப்பல் கடைகளில் அப்பச்சோடாவுக்குப் பஞ்சமில்லை.

ஈய-அமிலப் பற்றரியை 1859இல் உருவாக்கியவர் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர். அன்றைக்கும் இன்றைக்கும் அதன் பலவீனம் ஒன்றுதான்: குளிரில் அதற்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகும். அதே குளிரில் எண்ணெய் தடித்து எஞ்சினும் இறுகும். புறநகரான லா கூர்நெவிலிருந்து லாச்சப்பலுக்கு வரும் சில கிலோமீற்றரில் ஹீற்றர், விளக்கு, பின்கண்ணாடிச் சூடு எல்லாம் போட்டால், ஸ்ராட் பண்ணச் செலவானது முழுதாகத் திரும்பி ஏறுவதில்லை. வாரம் ஒருமுறை அரை மணிநேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டுவது உதவும். தெருவில் நிறுத்துபவருக்குச் சார்ஜர் போட வசதியில்லை. காரை ஓட்டாமல் விடவும் முடியாது: தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் அதை இழுத்துச் செல்லச் சட்டம் இடம் கொடுக்கிறது. சிவப்பு விளக்கில் தானாக நின்று எழும் காருக்கு, அதற்கென்று செய்த பற்றரியே வேண்டும். மலிவென்று சாதாரணமானதைப் போட்டால் சீக்கிரம் போய்விடும்.

கராஜில் தெவி, அதாவது செலவு மதிப்பீட்டை, வேலை தொடங்குமுன் எழுத்தில் கேட்கலாம். மணிக்கூலி கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்க வேண்டும். 2017 முதல், தெமாரர், அதாவது ஸ்ராட்டர், போன்ற பாகங்களுக்குப் பழைய காரிலிருந்து எடுத்ததைப் போடும் தெரிவையும் கராஜ் முன்வைக்க வேண்டும். புதியதைவிடப் பெரும்பாலும் அது மலிவு. இவற்றோடு "எத்தனை வோல்ற் காட்டியது?" என்ற கேள்வியையும் கேட்டு, அந்த எண்ணைத் தெவியிலேயே குறித்துத் தரச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குத் தமிழும் பிரெஞ்சும் சொல்லிக்கொடுக்கும் நம் சங்கங்கள், குளிர் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை, ஒரு காரின் முன்மூடியைத் திறந்துவைத்துப் பெற்றோருக்கு இந்த அளவுகளையும் சொற்களையும் காட்டலாம். யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஒருவரையே அன்று ஆசிரியராக அழைக்கலாம்.