ஒடுக்கெடுக்கும் கையும் ஒரு கரண்டி பெட்ரோலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

தாராபுரத்திலிருந்து திருப்பூர் சுமார் 50 கிலோமீட்டர். விடியற்காலையில் அந்தச் சாலையோரம் நின்றால், பனியன் கம்பெனி வேலைக்குச் செல்வோரின் மோட்டார் சைக்கிள்கள் சாரிசாரியாகப் போவதைக் காணலாம். அவற்றுள் ஒடுக்கு விழாத பெட்ரோல் டேங்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வண்டி சாய்ந்தால் ஹேண்டில்பார் திரும்பி டேங்கில் இடிக்கிறது. சைலன்சர் கல்லில் மோதி நசுங்குகிறது. அந்த ஒடுக்கை எடுத்துத் தருபவர்தான் டிங்கர்.

என் தாய்மாமன் ஒரு டிங்கர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் முதலாண்டுச் செலவில் ஒரு பங்கு மாமாவின் சுத்தியலிலிருந்து வந்தது. ஆகவே இப்பொருளில் நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒடுக்கெடுப்பதைத் தட்டிச் சரிசெய்யும் முரட்டு வேலை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஞாயிறுதோறும் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கும் நான் அவ்வாறு எண்ணவில்லை. மாமா ஒரு டேங்கைக் கையில் எடுத்தால் முதலில் சுத்தியலைத் தேடுவதில்லை. டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்து மெல்லத் திருப்புகிறார். பெயிண்டில் தெரியும் விளக்கின் கோடு எங்கே வளைகிறதோ அங்கே மேடோ பள்ளமோ உண்டு. நம் ஆய்வுக்கூடத்தில் விளக்கும் அளவுகோலும் வைத்துச் செய்யும் சோதனையின் தத்துவமும் இதுதானே! ஆடி ஒரு பாகை திரும்பினால் எதிரொளிக்கதிர் இரண்டு பாகை திரும்பும். ஆகவே விரலுக்கு எட்டாத நெளிவும் ஒளிக்கு எட்டிவிடுகிறது.

பிறகும் அவர் பள்ளத்தின் நடுவில் தட்டுவதில்லை. ஒடுக்கைச் சுற்றி எழும்பியிருக்கும் விளிம்பிலிருந்து தொடங்குகிறார். காரணம் கேட்டேன். "கடைசியா வந்தது மொதல்ல போகோணும் மாப்ளே" என்றார். அடிபட்ட தகட்டில் முதலில் பள்ளம் விழுகிறது. அதன்பின் சுற்றுவட்டம் எழும்புகிறது. எழும்பிய விளிம்பு பள்ளத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. விளிம்பைத் தளர்த்தினால், மீட்சி எல்லையைத் தாண்டாத பகுதி தானாகவே 'டொப்'பென்று வெளியே வந்துவிடும்; எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே கொட்டாப்புளி வேண்டும். ஹூக் விதியை நான் எழுதிக் காட்டுவேன். மாமா அதைக் கையால் செய்து காட்டுகிறார்.

ஒரே இடத்தில் பலமுறை தட்டினால் தகடு இறுகிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். உலோகம் ஏன் அவ்வாறு இறுகுகிறது என்பதற்கு டெய்லர், ஒரோவான், போலானி என்ற மூவர் தனித்தனியே அடித்தளம் இட்டது 1934-இல்தான். படிக அமைப்பில் உள்ள பிறழ்வுகள் நகர்வதால் உலோகம் வளைகிறது. அவை பெருகி ஒன்றையொன்று மறித்துக்கொண்டால் இறுகுகிறது. பாத்திரம் அடிப்பவர்கள் இதைப் பல நூற்றாண்டுகளாக அறிவார்கள். இறுகிய செம்பை நெருப்பில் காட்டி இளக்கிக்கொண்டு மீண்டும் அடிப்பது அவர்கள் வழக்கம்.

சைலன்சர் விஷயம் இன்னும் சிக்கலானது. அதற்குள் கை போகாது. இருமுனையையும் அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, ஒடுக்கை மட்டும் செஞ்சூடாக்கினால் இளகிய தகடு தானே வெளியே உப்பும். தண்ணீரை நிரப்பி உறையவைக்கும் முறையும் உண்டு. நீர் பனிக்கட்டியாகும்போது கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுவதால் அதுவே உள்ளிருந்து தள்ளும். 1996-இல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. அவற்றின் புகைக்குழாயில் திரும்பி வரும் அழுத்த அலையே எரியாத கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது; குழாயின் வடிவம் பெரிதும் கெட்டால் இழுவையும் கெடும்.

இவ்வளவும் தெரிந்த கைக்கு ஒன்று மட்டும் தெரியாமல் இருந்தது. அந்த ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. இக்கட்டுரையை எழுத வைத்ததும் அதுதான்.

இறுகிய தகட்டை இளக்கவும், கை நுழையாத மூலையில் கம்பியைப் பற்றவைத்து இழுக்கவும் நெருப்பு தேவைப்படுகிறது. நான் முதலாண்டு படிக்கும்போது ஒருநாள் மாமா ஒரு டேங்கைக் கவிழ்த்துப் பெட்ரோலை முழுவதும் வடித்தார். வெயிலில் சற்று வைத்தார். கம்பியை ஒட்டவைக்க காஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டினார். வெடிச்சத்தம் தெரு முனைவரை கேட்டது. புருவமும் வலக்கையின் தோலும் கருகின. கண் தப்பியது பெரும் பேறு. இரண்டு மாதம் பட்டறை பூட்டிக் கிடந்தது.

காலி டேங்கில் என்ன இருந்தது? பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீப்பற்றும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் பற்றாது. 10 லிட்டர் டேங்கை எடுத்துக்கொள்வோம். அதன் 1.4 விழுக்காடு 140 மில்லி ஆவி. ஒரு மில்லி பெட்ரோல் ஆவியானால் ஏறத்தாழ 180 மில்லி ஆவி கிடைக்கும். ஆக, ஒரு மில்லிக்கும் குறைவான பெட்ரோல் போதும்! மேல் எல்லைக்கும் நான்கு மில்லிதான்; ஒரு தேக்கரண்டி கூட நிரம்பாது. வடித்த டேங்கின் மூலையில் ஒட்டியிருப்பது ஏறக்குறைய அந்த அளவுதான். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே மூடியைத் திறந்து வைத்தாலும் எளிதில் வெளியேறாமல் அடியிலேயே தங்கும். நிறைந்த டேங்கைக் கண்டு அஞ்சுகிறோம்; அஞ்ச வேண்டியது காலி டேங்கைக் கண்டும்தான்.

"முப்பது வருசமா இப்படித்தான செய்யறேன், ஒண்ணும் ஆகலியே" என்று மாமா கேட்டார். அதற்கும் விடை அந்த எண்களிலேயே இருக்கிறது. சில நாள் ஆவி மிகுந்திருக்கும், சில நாள் நன்றாகக் காய்ந்திருக்கும், இரண்டிலும் பற்றாது. இடைப்பட்ட நாள் ஒன்று வரும்வரை அனுபவம் நமக்குப் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். அனுபவத்தை நான் குறை கூறவில்லை. விளிம்பிலிருந்து தட்டக் கற்றுக்கொடுத்ததும் அனுபவமே. தவறினால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம் என்ற இடத்தில் அனுபவத்தைப் போல் ஆசிரியர் இல்லை. ஒரே தவறு உயிரைக் கொண்டுபோகும் இடத்தில் மட்டும் புத்தகம் முன்னே நடக்க வேண்டும்.

பெரிய பொறியாளர்களும் இதற்கு விலக்கல்லர். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குப் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் நடுவானில் வெடித்து 230 பேர் மாண்டனர். வெடித்தது நிறைந்த தொட்டி அன்று. ஏறக்குறையக் காலியாக இருந்த நடுத்தொட்டியில் சூடேறிய ஆவியே வெடித்தது என்று விசாரணை முடிவு கூறியது. விமானத் தொட்டிகளின் ஆவி தீப்பற்றாதபடி காக்க வேண்டும் என்று அமெரிக்கா விதி செய்தது 2008-இல்தான்.

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விபத்துக்கு முன்பே துணைப்பாட வேதியியலில் தீப்பற்றும் எல்லைகளைப் படித்திருந்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். வீட்டில் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. அது தேர்வுக்கு உரியது, இது பட்டறைக்கு உரியது என்று என் மனத்தில் ஒரு சுவர் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், கட்டுப்போட்ட கையோடு மாமா கேட்ட ஒரே கேள்வி: "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மாப்ளே?"

"படித்தவன் பட்டறைக்குப் போவதா?" என்று நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். பட்டறையை விட்டு ஓடுவதற்காகவே படிக்கிறோம் என்ற எண்ணம் எனக்கும் இருந்ததுதான். ஓடுவது தவறன்று, கதவைச் சாத்திவிட்டு ஓடுவதுதான் தவறு.

பேராசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் இரண்டே. முதலாவது, ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் இயற்பியல், வேதியியல் மாணவர்கள் ஊரிலுள்ள டிங்கரிங் பட்டறைகளுக்குச் சென்று மேற்சொன்ன கணக்கைச் சாக்கட்டியால் போட்டுக் காட்டவேண்டும். டேங்கில் நெருப்பு வேண்டாம் என்பதே முதல் விதி. சிறு ஒடுக்குகளைப் பசையால் கட்டை ஒட்டி இழுக்கும் கருவிகள் இன்று கிடைக்கின்றன; அவற்றுக்கு நெருப்பே தேவையில்லை. நெருப்பின்றி முடியாத டேங்கை மாற்றிவிடச் சொல்வதே நேர்மை. இரண்டாவது, பருவத்துக்கு ஒருமுறை ஒரு டிங்கரை நம் வகுப்புக்கு அழைத்து, ஒரு தகட்டைக் கொடுத்து, மீட்சி எல்லையைப் பாடம் நடத்தச் சொல்லவேண்டும். நாம் கொடுக்கமட்டும் போகிறோம் என்ற செருக்கு அப்போது வராது.

மாமாவின் கை ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. பட்டறைக் கதவின் உட்புறம் நான் எழுதிய 1.4, 7.6 என்ற இரு எண்களும் அழியாமல் இருக்கின்றன. முதல் தலைமுறையாகப் பட்டம் பெறப்போகும் நம்மில் ஒவ்வொருவர் வீட்டிலும் ஏதேனும் ஒரு பட்டறை, ஒரு தறி, ஒரு சாயத்தொட்டி, ஒரு கிணறு இருக்கிறது. நாம் படிக்கும் பாடத்தில் அதற்கு உரிய ஒரு வரியாவது இருக்கும். அதைத் தேர்வுத்தாளில் எழுதுவதற்கு முன் வீட்டில் சொல்லிவிடுவோம்.