கிராமமும் புள்ளியிடட்டும்

பட்டதாரி ஒருவர் திட்டத்தாளோடு கிராமத்துக்கு எழுந்தருளுவதும், கூடியிருப்போர் தலையசைத்து ஒப்பமிடுவதுமே இன்று பெரும்பாலும் கிராம அபிவிருத்தி எனப்படுகின்றன. இம்முறை மாறுதல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். வற்றாத ஆறு இங்கில்லை. சுண்ணாம்புக்கற் படையிலே தேங்கும் மழைநீரே கிணற்றுநீர். தோட்டங்களுக்கு அளவின்றி இடும் உரத்தின் நைத்திரேற்று அந்நீரிற் கலப்பதை ஆய்வாளர் நெடுங்காலமாக எடுத்துக்காட்டி வருகின்றனர். ஆயினும், உரத்தைக் குறைத்தால் வெங்காயம் விளையுமோ என்றஞ்சும் கமக்காரருக்கு ஏடு விடை கூறாது. அவர் நிலத்திலே அவரோடு நின்று ஒரு போகம் செய்து பார்த்தவரே விடை கூற வல்லவர். எக்கிணறு எம்மாதத்தில் உவராகும் என்பதையோ பட்டதாரிதான் கமக்காரரிடம் கற்க வேண்டும்.

இது நடவாத காரியமன்று. டாக்டர் சௌந்தரமும் ராமச்சந்திரனும் 1947 இல் திண்டுக்கல் அருகே நிறுவிய காந்திகிராமம், 1976 இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அங்கே கிராமத்தில் தங்குதல் படிப்பின் ஒரு கூறு. நம் நாட்டிலும், கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன 1958 இல் மாணவரைக் கனத்தொலுவைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றதிலிருந்தே சர்வோதய இயக்கம் வளர்ந்தது.

ஆகவே, பல்கலைக்கழக மாணவர் ஒரு போகம் முழுவதும் கிராமத்திலே வாழட்டும். வேலை எதுவெனக் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் தீர்மானிக்கட்டும்; புள்ளியில் ஒரு பங்கையும் அவர்களே இடட்டும். பேராசிரியர் சிலருக்கு இது கசக்கலாம். மாணவருக்குத் தங்குமிடம் ஏது என்பாருமுளர். பழைய மாணவர் பலரின் வீடுகள் ஊரிலே பூட்டிக் கிடக்கின்றனவே!